மொட்டைமாடியில் நாளைய காற்று: கரியமில வாயு கூடினால் மண்ணின் தழைச்சத்து எங்கே போகிறது?

சோடா போடுகிறவர்கள் வைத்திருக்கும் கரியமில வாயு சிலிண்டர், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, வாயுவை அளக்கும் சென்சார், பழைய கணினியிலிருந்து கழற்றிய விசிறி, கொஞ்சம் பாலித்தீன் ஷீட். இவ்வளவு இருந்தால் போதும். இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் பிள்ளைகள் சுவாசிக்க நேரலாம் என்கிற காற்றை இப்போதே ஒரு பெட்டிக்குள் உண்டாக்கி, அதில் பயிர் வைத்துப் பார்த்துவிடலாம். தையில் விதைத்து, வெயில் ஏறும்வரை எங்கள் வீட்டு மாடியில் அதைத்தான் செய்தேன். செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், எதற்காக இது. 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு சுமார் 315 பிபிஎம் இருந்தது. அதாவது பத்து லட்சம் பங்குக் காற்றில் 315 பங்கு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு இது 280 அளவில் இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ‘கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடுதானே, கூடினால் நல்லதுதானே’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. இலைக்கு அது சாப்பாடுதான். ஆனால் பயிர் கார்பனை மட்டும் வைத்து வளர்வதில்லை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணிலிருந்துதான் வரவேண்டும். காற்றில் ஒன்று கூடும்போது மண் மற்றதைக் கூட்டிக் கொடுக்குமா? என் கேள்வி அதுதான்.

பெட்டி

2 அடிக்கு 2 அடி, உயரம் 3 அடி என்று பிவிசி குழாயில் இரண்டு சட்டம் கட்டினேன். நான்கு பக்கமும் பசுமைக்குடிலுக்குப் போடும் யூவி பாலித்தீன். மேலே திறப்பு. முழுதாக மூடினால் நம் வெயிலில் பயிர் வெந்துவிடும். திறந்தே விட்டால் காற்று வாயுவை அள்ளிக்கொண்டு போகும். அதனால் மேல்விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சாய்த்து வாயைக் குறுக்கினேன். ஆராய்ச்சி நிலையங்களிலும் திறந்த கூரைப் பெட்டிகளை இப்படித்தான் கட்டுகிறார்கள்.

அடியில் ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிப் பதித்து, கணினி விசிறியால் வெளிக்காற்றை அதன் வழியே உள்ளே தள்ளவேண்டும். கரியமில வாயு வரும் சிறு குழாயை விசிறிக்கு முன்னால் செருகினால் வாயு நன்றாகக் கலந்துவிடும். நேராகப் பெட்டிக்குள் விட்டால் கீழே ஓரிடத்தில் தேங்குகிறது. சென்சார் ஓரிடத்தில் 500 காட்டும், ஒரு சாண் தள்ளி வைத்தால் 1500 காட்டும்.

இரண்டு பெட்டிக்கும் விசிறி, ஷீட், குழாய் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒன்றில் வாயு போகும், மற்றதில் வெறும் காற்று. பெட்டிக்குள் வெளியைவிட எப்போதும் சூடு ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு கூடினால் ஒப்பிடலாம். மாடியில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வெயில் மாறும் என்பதால் அவ்வப்போது பெட்டிகளை இடம் மாற்றி வைத்தேன்.

வாயுக் கணக்கு எளிது. பெட்டியின் கொள்ளளவு சுமார் 340 லிட்டர். அதில் 200 பிபிஎம் கூட்டி 620 அளவுக்குக் கொண்டுவர ஒரு தடவைக்கு 68 மில்லிலிட்டர் வாயு போதும். உள்ளே இருக்கும் காற்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், பகல் 10 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 41 லிட்டர். எடையில் 75 கிராம் அளவு. 5 கிலோ வாயு இரண்டு மாதம் தாங்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் இதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. மாசியில் சில பிற்பகல்களில் வால்வு திறந்தபடியே இருந்தும் அளவு 600-ஐ எட்டவில்லை. தென்புறம் ஒரு ஓலைத் தட்டி வைத்த பிறகு சரியானது.

சிலிண்டரை நிழலில், வெளியே, சாயாமல் கட்டி வைக்கவேண்டும். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது, அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். இந்த வாயு காற்றைவிடக் கனம். மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி உயிருக்கே ஆபத்து. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் வைத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். இன்னொன்று, ரெகுலேட்டரின் அழுத்த முள்ளை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லமுடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். எடை போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

‘ஈஸ்ட்டும் வெல்லமும் போட்டால் வாயு சும்மா வருமே’ என்று கேட்பார்கள். வரும், ஆனால் இருட்டினால் நிறுத்தமுடியாது, ஊறல் வாடை வேறு. எருக்குழியிலிருந்து வாயுவை இழுக்கலாம் என்பது அதைவிட மோசமான யோசனை. எருக்குழிக் காற்றில் அம்மோனியா இருக்கும். அம்மோனியா என்றால் தழைச்சத்து. இலை அதை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும். எந்தச் சத்து குறைகிறதா என்று பார்க்கப்போகிறோமோ அதையே திருட்டுத்தனமாக ஊட்டிவிடும்.

சென்சார்

அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் எம்எச்-இசட்19 வகை சென்சாரும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையும் பயன்படுத்தினேன். 620-க்குக் கீழே போனால் வால்வு திறக்கும், தாண்டினால் மூடும். ஒளியுணர் மின்தடை ஒன்று இருட்டியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ராத்திரியில் இலை வாயுவை எடுக்காது, கொடுப்பது வீண்.

இந்த சென்சாரில் கட்டாயம் கவனிக்கவேண்டியது தானியங்கிச் சரிபார்ப்பு. ஒரு நாளில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை 400 என்று அது தானே வைத்துக்கொள்ளும். ஜன்னல் திறந்த அறைக்கு அது சரி. பெட்டிக்குள் அது பொருந்தாது. விடியற்காலையில் வாயு போகாத பெட்டியே 500-ஐத் தாண்டிக் காட்டும். ராத்திரி முழுக்க மண்ணும் செடியும் மூச்சுவிடுகின்றன, காற்றும் அசைவதில்லை. அதனால் அந்த வசதியை அணைத்துவிட்டு, காற்று நன்றாக வீசும் மதிய நேரத்தில் இரண்டு சென்சாரையும் மாடிக் கைப்பிடிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வால்வு மூடும் ஒவ்வொரு தடவையும் சென்சார் எண் துள்ளியது. வால்வுச் சுருளிலிருந்து வரும் மின்னழுத்தத் துடிப்புதான் காரணம். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டு, சென்சாருக்குத் தனி மின்சப்ளை கொடுத்ததும் நின்றுவிட்டது. காலையில் பனி இறங்கி சென்சார் வியர்க்காமல் இருக்க, கவிழ்த்த டம்ளருக்குள் தொங்கவிட்டேன்.

மண்

எங்கள் கொல்லைச் செம்மண்ணையே எடுத்தேன். தழைச்சத்து குறைந்த மண். சலித்து, ஒரே குவியலாகப் புரட்டிக் கலந்து, பைக்குப் பத்து கிலோ அளவில் நிரப்பினேன். பெட்டிக்கு ஒன்பது பை. மூன்றில் யூரியா போடாத நெல், இரண்டில் யூரியா போட்ட நெல், மூன்றில் தட்டைப்பயறு, ஒன்று செடியே இல்லாத வெறும் மண். நெல் அண்ணா 4, வானம் பார்த்த பூமிக்கென்று வந்த ரகம். தண்ணீர் தேக்காமல் புழுதியில் விதைத்தேன். எல்லாப் பைக்கும் சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் ஒரே அளவில் கலந்துவிட்டேன். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பயறு வேர்முடிச்சு மணிச்சத்து இல்லாமல் சரியாக வேலை செய்யாது. அப்புறம் எது குறைந்ததால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லமுடியாமல் போய்விடும். யூரியா பைகளுக்கு 2.2 கிராம் யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். அதில் 1 கிராம் தழைச்சத்து இருக்கிறது.

விதைக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்தேன். அடியில் துளையிட்ட பிவிசி குழாய்த் துண்டை வெறும் மண் பையில் ஒரு சாண் ஆழம் புதைத்து, அதற்குள் சென்சாரை இறக்கி வாயை மூடினேன். தண்ணீர் ஊற்றிய மறுநாள் அது தன் மேல் எல்லையான 5000-ஐத் தொட்டு நின்றுவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கரியமில வாயு ஆயிரக்கணக்கான பிபிஎம் இருப்பது சாதாரணம். வேரும் நுண்ணுயிரும் அங்கேயே மூச்சுவிடுவதால் அப்படி. வெளிக்காற்று 420-லிருந்து 620 ஆனாலும் மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மண்ணில் ஏதாவது மாறினால், அந்த மாற்றம் செடி வழியாகத்தான் இறங்கியிருக்கவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு பார்த்தவை எல்லாம் புரியும்.

என்ன நடந்தது

முதலில் கண்ணில் பட்டது தண்ணீர். வாயு கொடுத்த பெட்டியில் பைகள் மெதுவாகத்தான் காய்ந்தன. பையைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்தால் தண்ணீர் ஊற்றுவது என் வழக்கம். மற்ற பெட்டிக்கு ஊற்றவேண்டிய நாளில் இதற்குத் தேவைப்படவில்லை. கரியமில வாயு கூடினால் இலை தன் துளைகளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். வேண்டிய வாயு குறைந்த திறப்பிலேயே கிடைத்துவிடுகிறதே. நீர் ஆவியாவதும் அதனால் குறைகிறது. ஈரம் நின்றால் மண்ணின் நுண்ணுயிர் இன்னும் நாலு நாள் கூடுதலாக வேலை செய்யும். இதுவே மண்ணுக்கு வரும் முதல் மாற்றம். வெயில் காயும் நம் ஊரில் இது சின்ன விஷயமே இல்லை.

நெல் முதல் மாதத்தில் வாயுப் பெட்டியில் தெளிவாக முந்தியது. தூர் கூட, தண்டு தடிப்பு. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் யூரியா போடாத நெல் வெளுக்கத் தொடங்கியது. இரண்டு பெட்டியிலும் வெளுத்தது, வாயுப் பெட்டியில் முன்னதாகவும் அதிகமாகவும் வெளுத்தது. பார்வைக்கு விடாமல் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன். நெல்லுக்கு எப்போது தழைச்சத்து போடவேண்டும் என்று முடிவு செய்ய விவசாயிகள் பயன்படுத்தும் அதே அட்டைதான். முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து, வெயில் நேராகப் படாமல் நம் உடம்பின் நிழலில் பார்க்கவேண்டும். ஒரே ஆள், ஒரே நேரத்தில் பார்ப்பது முக்கியம். பெரும்பாலான ரகங்களுக்கு நிறம் 4-க்குக் கீழே போனால் உரம் கேட்கிறது என்று அர்த்தம். வாயுப் பெட்டி நெல் அதற்குக் கீழே இறங்கியபோது மற்ற பெட்டி நெல் இன்னும் 4-ல்தான் இருந்தது.

அப்பா மாடிக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பயிரு வெளுத்துப்போச்சேப்பா, ஒரு கை யூரியாவ வீசு.”

“வீசினா என்ன ஆகுதுன்னு பாக்கத்தான் அந்த ரெண்டு பையும் இருக்குப்பா.”

அவர் அந்த இரண்டு பைகளின் இலையை விரலால் தடவிப் பார்த்தார். யூரியா போட்ட நெல் வாயுப் பெட்டியிலும் கரும்பச்சையாகத்தான் நின்றது, வளர்ச்சியும் விட்டுப்போகவில்லை. “அப்ப இதுக்குக் காத்து மட்டும் பத்தாது” என்றார். நான் இவ்வளவு கம்பி கட்டி அளந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில், பெட்டியே இல்லாமல் திறந்த வெளியில் வளரும் ஸ்வீட்கம் மரங்களுக்குக் குழாய் வழியாகக் கரியமில வாயு கொடுத்துப் பல ஆண்டு பார்த்தார்கள். 2001 முதல் 2003 வரை அந்த மரங்களின் வளர்ச்சி மற்ற மரங்களைவிட 24 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2008-ல் அந்தக் கூடுதல் 9 சதவீதமாகக் குறைந்துவிட்டது. காரணம் மண்ணின் தழைச்சத்து. என் பைகளில் ஒரு பருவத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அங்கே ஒரு காடு முழுக்க ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது.

தழைச்சத்து எங்கே போனது?

அது மறைந்துபோகவில்லை. செடிக்குள்ளும் நுண்ணுயிருக்குள்ளும் முடங்கிவிட்டது. இதைப் பார்க்க இரண்டு அளவைகள் எடுத்தேன்.

ஒன்று, மண்ணின் மூச்சு. சென்சார் பொருத்திய தகர டப்பாவை நெல் வரிசைக்கு நடுவில் மண்மேல் கவிழ்த்து, உள்ளே வாயு நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. வால்வை ஒரு மணி நேரம் முன்னதாகவே நிறுத்திவிட்டு அளக்கவேண்டும். இல்லாவிட்டால் டப்பாவுக்குள் தொடக்கமே 600-ல் இருக்கும், ஒப்பிடமுடியாது. காலையில் மண் சூடேறும் முன் அளப்பது நல்லது, சூட்டோடு மண்ணின் மூச்சும் ஏறும். வெறும் மண் பை இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரிதான் மூச்சுவிட்டது. நெல் பைகளில் வாயுப் பெட்டி தெளிவாகக் கூடுதல். இலை அதிகமாக எடுத்த கார்பனில் ஒரு பங்கு வேர் வழியாகக் கீழே வருகிறது. வேர் சர்க்கரையாகவும் அமிலங்களாகவும் பிசினாகவும் அதை மண்ணில் கசியவிடுகிறது. அதைத் தின்று நுண்ணுயிர் பெருகுகிறது.

மற்றது, மண்ணில் கரைந்திருக்கும் தழைச்சத்தான நைட்ரேட். மீன்தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் சோதனைப் பெட்டியே போதும். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு வாலைவடிநீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டால் களி சீக்கிரம் படியும். மேலே தெளிந்த நீரை வடிதாளில் வடிகட்டிச் சொட்டு மருந்து விட்டால் நிறம் வரும். நைட்ரேட்டைக் களிமண் பிடித்துவைப்பதில்லை, வெறும் தண்ணீருக்கே வந்துவிடும். கிடைக்கும் எண் நைட்ரேட்டின் அளவு. அதில் உள்ள தழைச்சத்து வேண்டுமென்றால் 4.43-ஆல் வகுக்கவேண்டும். யூரியா போடாத நெல் பையில், வாயுப் பெட்டியில் நிறமே ஏறவில்லை என்று சொல்லலாம். மற்ற பெட்டியில் வெளிர் மஞ்சளைத் தாண்டி லேசாக ஆரஞ்சு வந்தது. வெறும் மண் பை இரண்டிலும் நல்ல ஆரஞ்சு. எடுக்க வேர் இல்லாததால் அங்கே நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நுண்ணுயிரின் உடம்பில் ஏறக்குறைய 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கிறது. வேர் கசியவிடும் சர்க்கரையில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சர்க்கரையைத் தின்று உடம்பு வளர்க்கிற நுண்ணுயிர், தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணில் கரைந்திருக்கும் நைட்ரேட்டிலிருந்தும் அம்மோனியத்திலிருந்தும்தான் எடுக்கவேண்டும். அதே இடத்தில் நெல்லின் வேரும் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. வைக்கோலை மடக்கி உழுதாலும் இதுதான் கதை. நெல் வைக்கோலில் கார்பன் 80 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்று வைப்போம். 100 கிராம் கார்பன் உள்ள வைக்கோலில் 1.25 கிராம் தழைச்சத்து. நுண்ணுயிர் அந்தக் கார்பனில் மூன்றில் ஒரு பங்கைத் தன் உடம்பாக்கினால் அதற்குத் தேவை 4 கிராமுக்கு மேல். மிச்சம் சுமார் 3 கிராமை மண் கொடுக்கவேண்டும். வைக்கோல் உழுத வயலில் இளம்பயிர் மஞ்சளாவதை விவசாயிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் இது ஒரே திசையில் ஓடும் கதை இல்லை, இங்கேதான் மண் எனக்குப் பெரிய வியப்பைத் தருகிறது. வட கரோலினாவின் டியூக் காட்டில் 1996-லிருந்து பல ஆண்டுகள் லாப்லாலி பைன் மரங்களுக்கு இதே மாதிரி வாயு கொடுத்தார்கள். அங்கே வளர்ச்சி விழவில்லை. மரங்கள் கூடுதல் கார்பனைக் கீழே அனுப்பி, நுண்ணுயிரை ஊக்கி, பழைய மட்குக்குள் பூட்டியிருந்த தழைச்சத்தை வெளியே எடுத்துக்கொண்டன. அதற்கு விலையும் இருந்தது. மட்கு கரைவதால் மண்ணில் சேரும் என்று எதிர்பார்த்த கார்பன் சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வும் இதையே சொன்னது: எங்கே செடி மேலே நன்றாக வளர்கிறதோ அங்கே மண்ணில் கார்பன் கூடுவதில்லை. டியூக் ஆட்கள் இன்னொரு நுட்பத்தையும் பயன்படுத்தினார்கள். சிலிண்டர் வாயுவில் கார்பன்-13 குறைவு, அதனால் மண்ணில் உள்ள கார்பனில் எது புதியது எது பழையது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. வீட்டில் அதை அளக்க வழியில்லை.

சிட்னி அருகே ரிச்மண்டில் முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் நடக்கும் சோதனையில் குறுக்கே நிற்பது தழைச்சத்து இல்லை, மணிச்சத்து. மரங்கள் கூடுதலாக 12 சதவீதம் கார்பனை எடுத்தன. மரம் பருக்கவில்லை. எடுத்ததில் பெரும்பகுதி மண்ணின் மூச்சாகத் திரும்பக் காற்றுக்கே போய்விட்டது. நம் செம்மண்ணிலும் மணிச்சத்து குறைவுதான். அதனால்தான் நான் சூப்பர் பாஸ்பேட்டை முதலிலேயே போட்டுவிட்டேன். அது இல்லாமல் செய்தால் வேறு முடிவு வந்திருக்கும்.

தட்டைப்பயறு

இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. தட்டைப்பயறு இரண்டு பெட்டியிலும் கடைசிவரை வெளுக்கவே இல்லை. வாயுப் பெட்டியில் கொடி இன்னும் பருத்தது.

பூக்கும் நேரத்தில் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பையைக் கிழித்து, அகலமான சட்டியில் தண்ணீர் வைத்து வேரை அமிழ்த்தி மெதுவாக அலசினேன். குழாயைத் திறந்து பீய்ச்சினால் முடிச்சுகள் உதிர்ந்துவிடும். வாயுப் பெட்டிச் செடியின் வேரில் மண் விட்டுப்போகவே மாட்டேன் என்றது. மெல்லிய வேர்களைச் சுற்றி ஈரமான உறை போல ஒட்டிக்கொண்டிருந்தது. கசியும் பிசின்தான் மண்துகளைப் பிடித்துவைக்கிறது. தண்ணீர் தெளிந்த பிறகு ஆணிவேரின் மேற்பகுதியில் மிளகு அளவு முடிச்சுகள் நெருக்கமாகத் தெரிந்தன. மற்ற பெட்டிச் செடியில் அவை சிறியவை, இடைவெளி விட்டிருந்தன. ஒன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் சிவப்புக்கு உறவுக்காரன். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அதன் வேலை. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலையை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு செடியிலும் சிவப்புதான். வாயுப் பெட்டியில் எண்ணிக்கை அதிகம்.

நைட்ரஜனைப் பிடிப்பது செலவு பிடிக்கும் வேலை, செடி அதற்குச் சர்க்கரை கொடுத்தாகவேண்டும். காற்றில் கார்பன் கூடும்போது பயறு வகையிடம் கொடுக்க இருக்கிறது. கொடுத்துத் தழைச்சத்தை வாங்கிக்கொள்கிறது. நெல்லுக்கு அந்தக் கூட்டாளி இல்லை.

மட்கும் வேகம்

அறுத்த நெல் தாளையும் தட்டைக்கொடியையும் காயவைத்து, எடை போட்டு, கொசுவலைத் துணிப் பைகளில் கட்டி ஒரே மண்ணில் புதைத்தேன். சில வாரம் கழித்து எடுத்துக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை. தட்டைக்கொடி பாதிக்கு மேல் போய்விட்டது, நெல் தாள் அப்படியே கிடந்தது போல இருந்தது. இது எதிர்பார்த்ததுதான். வாயுப் பெட்டித் தாளுக்கும் மற்ற பெட்டித் தாளுக்கும் இடையில் மட்கும் வேகத்தில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இதே முடிவுக்குத்தான் வந்தது. உதிர்ந்த இலையில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம் குறைகிறது, ஆனால் அதனால் மட்கும் வேகம் எல்லா இடத்திலும் குறைகிறது என்று சொல்ல முடியவில்லை. தாளின் தரத்தைவிட, எவ்வளவு தாள் விழுகிறது, வேர் எவ்வளவு கசியவிடுகிறது என்பதுதான் மண்ணை அதிகமாக மாற்றுகிறது என்று நினைக்கிறேன்.

தட்டில் வருவது

மண்ணில் தழைச்சத்து முடங்கினால், யூரியாவை ஒரு பிடி கூட்டிப் போட்டால் போகிறது என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜப்பானிலும் சீனாவிலும் வயலிலேயே குழாய் அமைத்து, உரமும் போட்டு, 18 நெல் ரகங்களை 568 முதல் 590 பிபிஎம் காற்றில் வளர்த்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளிவந்த முடிவு: அரிசியில் புரதம் 10.3 சதவீதம், இரும்பு 8 சதவீதம், துத்தநாகம் 5.1 சதவீதம் குறைந்தன. ஃபோலேட் என்ற பி வைட்டமின் 30 சதவீதம் குறைந்தது. உரம் போட்ட வயலில் கிடைத்த கணக்கு இது. மூன்று வேளையும் அரிசி சாப்பிட்டு, பருப்புக்கும் முட்டைக்கும் காசு பார்க்கிற வீட்டில் இந்த இரும்பும் ஃபோலேட்டும் கர்ப்பிணிப் பெண்ணின் உடம்பில் குறையப்போகிறவை. அதைப் படித்த பிறகுதான் நான் இந்தப் பெட்டிகளைக் கட்ட உட்கார்ந்தேன்.

யூரியாவைக் கூட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான், கரியமில வாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வீரியம். அதனால் என் சாய்வு பயறு பக்கம். நெல்லுக்கு அப்புறம் உளுந்தோ பயறோ தெளிப்பது டெல்டாவில் வழிவழியாக இருக்கும் பழக்கம். கார்பன் கூடும் காற்றில் அந்தப் பழக்கத்தின் மதிப்பு இன்னும் ஏறும் என்பதுதான் என் பைகளைப் பார்த்து எனக்கு வந்த நம்பிக்கை. மணிச்சத்து கிடைத்தால் மட்டும்.

இரண்டே பெட்டி வைத்துச் செய்ததை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பள்ளியில் செய்கிறவர்கள் குறைந்தது ஆறு பெட்டியாவது, மூன்றில் வாயு மூன்றில் வெறும் காற்று என்று வைத்தால் எண்களை நம்பிப் பேசமுடியும். சிலிண்டர் வேலையைப் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். பணம் அதிகம் பிடிப்பது சென்சாரும் ரெகுலேட்டரும்தான். சிலிண்டர் வாடகைக்கே கிடைக்கிறது.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கிழிக்காத பைகளில் தாளையும் கொடியையும் அந்தந்தப் பையிலேயே மடக்கிவிட்டு, எல்லாவற்றிலும் உரம் இல்லாமல் சோளம் விதைத்திருக்கிறேன். முன்பயிர் மண்ணில் எவ்வளவு தழைச்சத்தை விட்டுப்போனது என்று சோளத்தின் நிறம் சொல்லும். இப்போதைக்குத் தட்டைப்பயறு இருந்த பைகளில் சோளம் கருகருவென்று நிற்கிறது. வாயுப் பெட்டியில் யூரியா இல்லாமல் நெல் இருந்த பைகளில்தான் அடியிலை முதலில் மஞ்சளாகியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு அடுத்த சுற்றைத் தொடங்குவேன். அப்போது நெல்லுக்குத் தண்ணீர் தேக்கி வைத்து, வேர் கசியவிடும் கார்பன் காற்றில்லாத சேற்றில் எவ்வளவு மீத்தேனாக மாறுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு வேறு சென்சார் தேடிக்கொண்டிருக்கிறேன்.